நாய்க்கு வேகும் கறி, நமக்கு மறுக்கப்படும் அடுப்பு

நாய்களுக்கு வீட்டிலேயே சத்தாகச் சமைத்துப் போடுவது நகரங்களில் பரவி வருகிறது. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் அதற்கான செய்முறைகள் கொட்டிக் கிடக்கின்றன. கோழி நெஞ்சுக்கறி, பூசணிக்காய், கேரட், சிவப்பரிசி, கொஞ்சம் மீன் எண்ணெய் என்று தராசில் அளந்து கிண்ணத்தில் போடுகிறார்கள். இதைப் பார்த்த இளம் தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்டார்கள்: "மனுசனுக்கே சோறு கிடைக்காத நாட்டில் நாய்க்கு மெனு எழுதுவது பணக்காரத் திமிர் இல்லையா? இதைப் பற்றியெல்லாம் நாம் பேச வேண்டுமா?"

பேச வேண்டும் என்றே நினைக்கிறோம். இதற்கு இரண்டு காரணங்கள். நாய் நம்முடைய தெருவிலும் வளர்கிறது. சேரியில் நாய் இல்லாத சந்து கிடையாது. அதற்கு என்ன போடுவது, எப்படிப் போடுவது என்பது நமக்கும் தேவையான அறிவு. அடுத்தது, நாயின் தட்டைக் கவனித்துப் பார்த்தால் சாதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். யார் சமைக்கிறார், எந்தப் பாத்திரத்தில், எந்த அடுப்பில், எந்தக் கறியை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

நாயும் நாமும்

நம்மையும் நாயையும் ஒரே கயிற்றில் கட்டிய வரலாறு பழையது. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கும் சுவபசருக்கும் ஊருக்கு வெளியேதான் குடியிருப்பு என்கிறது. அவர்களுடைய சொத்து நாயும் கழுதையும் மட்டுமே, உண்பது உடைந்த பாத்திரத்தில், உடுப்பது பிணத்தின் துணி என்றும் விதிக்கிறது. 'சுவபசர்' என்ற சொல்லுக்குள்ளேயே நாய் இருக்கிறது, சமையலும் இருக்கிறது. 'சுவ' என்றால் நாய். 'பச' என்றால் சமைத்தல். நாயையும் அடுப்பையும் சேர்த்து ஒரு மக்கள் கூட்டத்துக்கு இழிபெயர் சூட்டிய நூல் அது.

வெள்ளைக்காரன் வந்தான். பறையர் என்ற பெயரை எடுத்து ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன் என்று ஆக்கினான். இந்த நாட்டின் தெருநாய்க்கும் அதே பெயரை வைத்தான். 'பரையா டாக்' என்பது இன்றும் ஆங்கில அகராதிகளில் இருக்கிறது. நாய் வளர்க்கும் சங்கங்களிலும் இன்னும் சிலர் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். இன்று 'இண்டீ' என்று செல்லமாக அழைக்கப்படும் நாட்டு நாய் அதுதான். உங்கள் நண்பர்கள் யாராவது அந்தப் பழைய பெயரைச் சொன்னால் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்: அது ஒரு சாதியின் பெயர், வசைச் சொல்லாக மாற்றப்பட்ட பெயர்.

1931 ஆகஸ்டில் மும்பை மணி பவனில் காந்தியைச் சந்தித்தபோது, நாய் பூனையைவிடக் கேவலமாக எங்களை நடத்தும் நாட்டை எப்படி எங்கள் தாயகம் என்று சொல்வது என்ற பொருளில் அண்ணல் அம்பேத்கர் கேட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1927-இல், மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்ததும் இதே கேள்வியின் செயல் வடிவம்தான். ஆடும் மாடும் நாயும் வாய் வைக்கலாம், தீண்டப்படாதவர் கை படக் கூடாது என்று கட்டிவைத்த குளம் அது.

இந்த வரலாறு தெரிந்த சிலருக்கு நாய் என்ற பேச்சே கசக்கிறது. நமக்குக் கிடைக்காத மரியாதை அதற்கு எதற்கு என்ற கோபம் வருகிறது. கோபம் நியாயம்தான், ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டவர்களின் குறி, அந்த நாயை வளர்த்தவர்கள்தான். அந்தப் படத்தைப் பார்த்து அழுத எவரும் நாயை நமக்கு எதிர்த் தரப்பாக நினைக்க முடியாது. நம்மை நாயோடு ஒப்பிட்டவர்கள் நம்மை மதிக்கவில்லை, நாயையும் மதிக்கவில்லை.

அந்த அடுப்பைப் பற்ற வைப்பது யார்?

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய ஒவ்வொரு தலித்துக்கும் முஸ்லிமுக்கும் தெரிந்த வாசகம்: 'சைவம் மட்டும்'. பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், பிறகு "கவுச்சி சமைப்பீங்களா?" என்று கேட்பார்கள். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சமையலறை வழியாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

இதே மாதிரிக் குடியிருப்புகளில் லாப்ரடாரும் ராட்வெய்லரும் வளர்கின்றன. அவற்றுக்குக் கறி வேகிறது. வீட்டுவேலை செய்யும் எங்கள் அக்காமார் சொல்லும் விவரம் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது. பின்கட்டு பால்கனியில் தனி இண்டக்‌ஷன் அடுப்பு, தனிக் குக்கர், தனிக் கரண்டி. கறியைக் கழுவுவதும் எலும்பு பார்த்துப் பிய்ப்பதும் வேலைக்கு வரும் அக்காதான். வீட்டு அம்மா கறியைத் தொடமாட்டார். வெந்ததும் கிண்ணத்தில் போட்டு ஊட்டுவது மட்டும் அவர். அந்த வீட்டில் அக்காவுக்கும் ஒரு தனி டம்ளர் உண்டு. அது நாயின் கிண்ணம் வைக்கும் அதே மாடத்தில் இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாயின் மேல் வைத்த அன்பு, கறியை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது. ஆசாரம் அதற்காக வளைந்து கொடுத்தது. வேலை செய்யும் பெண்ணின் டம்ளர் என்று வரும்போது அதே ஆசாரம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. ஆக, 'கறி வாடை எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது' என்று வாடகை வீட்டு வாசலில் சொல்வது பொய். அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதது கறி தின்னும் மனிதர்கள்.

இன்னொரு வகை வீடும் இருக்கிறது. நாயையே சைவமாக்கிவிடும் வீடு. தினமும் தயிர்சாதம், சில நாள் பருப்புசாதம், பண்டிகைக்கு நெய். பூனையைப் போல நாய் கறி இல்லாமல் வாழவே முடியாத விலங்கு கிடையாது. கால்நடை மருத்துவர் மேற்பார்வையில், சத்து மருந்துகள் சேர்த்து, கவனமாகத் திட்டமிட்டால் சைவ உணவிலும் நாயை வளர்க்கலாம். வெறும் தயிர்சாதம் அந்தத் திட்டத்தில் சேராது. அதில் புரதம் போதாது, துத்தநாகம், இரும்பு போன்றவையும் போதாது. இப்படி வளரும் நாய்க்கு உடம்பு ஊதும், தசை கரையும், முடி கொட்டும். நாய்க்குப் பூணூல் போடுவதால் நன்மை அடைவது நாய் இல்லை.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

இனி நேராகச் சமையலுக்கு வருவோம். நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பதால் பச்சைக்கறி மட்டும்தான் போட வேண்டும் என்று ஒரு கூட்டம் பேசுகிறது. நாய் மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, மனிதன் போட்டதைத் தின்று மாறிய விலங்கு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் அதிகம் என்று 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. எனவே சோறும் கூழும் களியும் நாய்க்கு ஆகாது என்பதில் உண்மையில்லை. நன்றாகக் குழைய வேக வைத்தால் போதும். ஆனால் வெறும் சோறும் கூழும் போதாது. தட்டின் முதுகெலும்பு புரதம்.

15 கிலோ எடையுள்ள, வளர்ந்த, கருத்தடை செய்த நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக ஓடியாடும் அந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கிலோ கலோரி தேவை. அதற்கு ஒரு நாள் கணக்கு இப்படி வரும்:

அரிசி 100 கிராம், குழைய வேக வைத்தது. மாட்டுக்கறி 250 கிராம், எலும்பில்லாமல். ஈரல் 30 கிராம். பூசணி, கேரட், பீன்ஸ் ஏதாவது ஒன்று 50 கிராம். எண்ணெய் ஒரு டீஸ்பூன். முட்டை ஓட்டுப் பொடி அரை டீஸ்பூன். உப்பு, மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். இதை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடலாம்.

முட்டை ஓடு எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டுச் சமையலில் பெரும்பாலோர் தவறவிடுவது சுண்ணாம்புச் சத்தைத்தான். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கால்சியம் வரத்து குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து அதை உருவிக்கொள்ளும். குட்டிகளுக்குக் கால் வளைந்து எலும்பு முறிவதற்கு இது முக்கியக் காரணம். ஓட்டை நன்றாகக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, காய வைத்து, மிக்சியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது.

ஈரல் நல்லது என்று அள்ளிப் போடக் கூடாது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். நாள் கணக்கில் சேர்ந்தால் நஞ்சாகும். கடற்கரை ஊர்த் தோழர்கள் வாரம் இரண்டு நாள் கறிக்குப் பதில் மத்தி மீனை வேக வைத்து முள் பார்த்துப் போடலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். கறி வாங்க முடியாத நாளில் அவித்த முட்டை கைகொடுக்கும்.

போடவே கூடாதவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே நம் குழம்புச்சோறு மிச்சத்தைத் தினமும் போடுவது நல்லதில்லை. கறியை மசாலா போடும் முன்பே நாய்க்கு எடுத்து வைத்துவிடுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் உள்ள சைலிட்டால் உயிரையே எடுக்கும். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணிக் கடைக் கோழி எலும்பைத் தெருநாய்க்கு வீசுவது அன்பில் சேராது.

மேலே சொன்ன தட்டும் முழுமையான தட்டு இல்லை. அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி, ஈ ஆகியவை இதில் குறையக்கூடும். அமெரிக்காவின் டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்திருந்தது. அவற்றில் பல புத்தகங்களிலும் இணையத்திலும் வந்தவை. எனவே யூடியூபை நம்பி நிற்காமல், அரசு கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிச் சத்துமாத்திரை எழுதி வாங்குங்கள். குட்டிக்கும், சினை நாய்க்கும், சிறுநீரக நோய் உள்ள நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நம்முடைய அறிவு, அவர்களுடைய பாக்கெட்

ஈரல், நுரையீரல், குடல், சுவரொட்டி என்று மாட்டின் ஒவ்வொரு பாகத்தையும் கழுவத் தெரிந்தவர்கள், பக்குவம் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் பாட்டிமார். உப்புக்கண்டம் போட்டு மழைக்காலத்துக்கு வைத்தவர்கள். மராட்டிய எழுத்தாளர் ஷாஹு பட்டோலே மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். மற்றவர் தள்ளியதை எடுத்து உயிர் வளர்த்த அறிவு அதில் பதிவாகியிருக்கிறது.

அந்த உறுப்புகளைத் தின்றதற்காகத்தான் நம்மை அசுத்தம் என்றார்கள். இன்று மேல்நாட்டு நாய்க்கடைகளில் காய வைத்த மாட்டு நுரையீரலும், கழுவாத மாட்டுக் குடலும் 'இயற்கைச் சத்துணவு' என்று பாக்கெட்டில் விற்கின்றன. அந்த மோகம் இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது. நாய் தின்றால் சத்துணவு, நாம் தின்றால் தீட்டு. 2015-இல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் வீட்டில் மாட்டுக்கறி வைத்திருப்பதாகக் கிளப்பிய வதந்தியில் முகமது அக்லாக்கை அடித்துக் கொன்றார்கள். 2016-இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி அடித்தார்கள். பாக்கெட் வாங்குகிறவர் கடைக்குப் போகலாம், பயமில்லாமல் திரும்பலாம்.

தெருவில் போடும் சோறு

சமைத்த உணவு வீட்டோடு நிற்பதில்லை. தெருநாய்களுக்குச் சோறு போடும் தோழர்கள் நம்மிலும் உண்டு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, பிடித்த நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே பகுதியில் விடச் சொல்கிறது. வெறிநாயும் மூர்க்கமான நாயும் இதற்கு விலக்கு. ஒவ்வொரு வார்டிலும் உணவிட இடம் ஒதுக்க வேண்டும், கண்ட தெருவில் போடக் கூடாது என்றும் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லி நவம்பர் 7-இல் இன்னோர் உத்தரவும் வந்தது.

இடம் ஒதுக்குவது என்றால் எந்த இடம்? குப்பைக் கிடங்கு, சுடுகாடு, கழிவுநீர் நிலையம் எல்லாம் எப்படி நம் குடியிருப்பின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தனவோ, அப்படியே நாய்க்குச் சோறு போடும் இடமும் வந்துவிடக் கூடாது. அடுக்குமாடிக்காரர்கள் காரில் வந்து சோறு வைத்துவிட்டுப் போவார்கள். விடிகாலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரும், தெருவில் விளையாடும் நம் பிள்ளைகளும் கடி வாங்குவார்கள். மிச்சம் கிடக்கும் இலையையும் டப்பாவையும் அள்ளுவதும் அதே தூய்மைப் பணியாளர்தான்.

2023-இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குழந்தைகள் விளையாடும் இடத்திலும் நுழைவாயிலிலும் உணவிடக் கூடாது, உணவிடுபவர் அசுத்தம் செய்யக் கூடாது. வார்டு கூட்டத்தில் இதைச் சொல்லி வாதாடுங்கள். உங்கள் தெருவில் சோறு போடுகிறீர்கள் என்றால், அந்த நாய்களின் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உங்கள் பொறுப்பு. ஒரே நேரம், ஒரே இடம், தின்றதும் தட்டை எடுத்துவிட வேண்டும். யாரையாவது கடித்தால் காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் வெறிநோயைத் தடுக்காது.

ஒரு கணக்கு

மாட்டுக்கறி கிலோ 300 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும், மேலே சொன்ன 250 கிராமின் விலை 75 ரூபாய். ஆதிதிராவிடர் நல விடுதியில், இப்போது 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றப்பட்ட விடுதியில், மாணவர்களின் மாத உணவுப்படியை 2023-இல் அரசு உயர்த்தி அறிவித்தது. பள்ளி மாணவருக்கு 1,400 ரூபாய், கல்லூரி மாணவருக்கு 1,500 ரூபாய். ஒரு நாளைக்குப் பிரித்தால் கல்லூரி மாணவருக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து.

நாயின் தட்டைக் குறைக்க இந்தக் கணக்கைப் போடவில்லை. ஒரு நாய்க்கு எவ்வளவு புரதம், எவ்வளவு கால்சியம், எத்தனை கலோரி என்று தராசு வைத்துப் பேசும் சமூகத்துக்கு, விடுதி மாணவியின் தட்டைப் பற்றி அதே தராசோடு பேசத் தெரியும். பேச விருப்பமில்லை என்பதுதான் சிக்கல்.

ஆகவே தோழர்களே, நாய் வளர்க்கிறீர்களா, நன்றாகச் சமைத்துப் போடுங்கள். அதை உங்கள் கையால் செய்யுங்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காவின் தலையில் கட்டாதீர்கள். அவர்தான் செய்ய வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கூலி கொடுக்கச் சொல்லுங்கள், எல்லோரும் குடிக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் 'கவுச்சி கூடாது' என்று சொல்பவரிடம், இந்தக் கட்டடத்தில் எத்தனை நாய் கறி தின்கிறது என்று கேளுங்கள். உங்கள் விடுதியில் வாரத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை கிராம் கறி, எத்தனை கிராம் பருப்பு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உணவுப் பட்டியலையும், உண்மையில் தட்டில் விழுவதையும் ஒரு மாதம் எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த பதிவில் அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவோம்.